ஆப்பராவுக்கு ஒரே துணியில் இரண்டு கவுன்

பிப்ரவரி 3, செவ்வாய்

நாற்பத்திரண்டு ஸ்கர்ட்டுக்கு இடுப்புப் பட்டி வைத்து முடித்தேன். கழுத்து பிடித்துக்கொண்டது. அக்கா வெட்டுகிறாள், நான் தைக்கிறேன். இருபத்தாறு வருடமாக இதே கதை. பள்ளிச் சீருடை தவிர வேறெதையும் எங்கள் கடை பார்த்ததில்லை. எனக்கு நாற்பத்தொன்பது, அவளுக்கு ஐம்பத்தாறு. இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. கடையைத்தான் கட்டிக்கொண்டு அழுகிறோம்.

மதியம் தம்பி போன் செய்தான். வெளிநாட்டில், பாட்டாலேயே நாடகம் நடத்துகிற ஓர் ஆப்பரா அரங்கில், மேடைக்குப் பின்னால் விளக்கு வேலை பார்க்கிறான். ஒன்பது வருடமாக வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன், இந்தத் தடவை இரண்டு டிக்கெட்டை எடுத்து வைத்துவிட்டே பேசினான். மார்ச் 14, மதியக் காட்சி. எனக்கு ஒரு நிமிடம் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அக்கா கேட்ட முதல் கேள்வி, அந்த வாரம் டெலிவரி ஏதாவது இருக்கிறதா என்பது.

பிப்ரவரி 5, வியாழன்

கண்ணாடிக்காரி மறுபடியும் பேசினாள். பெரிய தெருவில் பெண்களுக்கான உடுப்புக் கடை திறக்கிறாள். மூக்கை மறைக்கிற அளவு பெரிய கண்ணாடி போட்டிருப்பதால் நான் வைத்த பெயர். அக்காவுக்கு அவளைத் தெரியாது. ஏப்ரல் ஒன்றாம் தேதியிலிருந்து வர முடியுமா என்கிறாள். சீருடை தைத்துத் தைத்து உங்கள் கை வீணாகிறது என்றாள். என் கையைப் பற்றி யாரும் இதுவரை எதுவும் சொன்னதில்லை.

மார்ச் 31-இல் எங்கள் கடைக் குத்தகை முடிகிறது. இன்னும் ஐந்து வருடத்துக்கு இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று அக்கா பத்திரத்தை எடுத்து வைத்தாயிற்று. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் எப்போது சொல்லப் போகிறேன்? எப்போது சொன்னாலும் வீடு இரண்டாகும். பயணத்தின்போது சொல்லிவிடுகிறேன். தம்பி பக்கத்தில் இருப்பான், குறுக்கே விழுந்தாவது தடுப்பான்.

பிப்ரவரி 8, ஞாயிறு

ஆப்பராவுக்கு என்ன போட்டுக்கொண்டு வருவது என்று தம்பியைக் கேட்டேன். "கறுப்பா எதையாவது போட்டுட்டு வாக்கா, யாரு பாக்கப் போறாங்க" என்றான். இருட்டிலேயே வேலை பார்க்கிறவனிடம் கேட்டது என் தப்பு.

எனக்கு வேண்டியது என் கண்ணுக்கே தெரிகிறது. நீளமாக, கை இல்லாமல், நடந்தால் காலில் வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி ஒன்று. பட்டி கிடையாது. பட்டன் கிடையாது.

பிப்ரவரி 11, புதன்

எழுதாவிட்டால் தூக்கம் வராது.

அக்கா முடிவு செய்துவிட்டாள். போன வருடம் ஒரு பள்ளி நீலத்துக்கு மாறியதில் எங்கள் தலையில் விழுந்த மெரூன் துணி ஒரு சுருள் இருக்கிறது. அதில் இரண்டு பேருக்கும் கவுனாம். நான் வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் சாக்குக்கட்டி துணிமேல் ஓடியாயிற்று. சின்ன வயதில் ஒரே துணியில் இரண்டு சட்டை தைத்துப் போட்டு எங்களை அனுப்புவாள் அம்மா. அம்மா போய்ச் சேர்ந்து பத்து வருடம் ஆகிறது. இவளுக்கு மட்டும் இன்னும் விடவில்லை.

"தனியாத் தெரியணும்னு உனக்கு என்ன அவ்வளவு அவசரம்?" என்று கேட்டாள். துணியிலிருந்து தலையைத் தூக்காமல்.

பிப்ரவரி 20, வெள்ளி

தைத்தேன். வேறு யார் தைப்பது?

கவுன் என்று பெயர்தான். காலர் இருக்கிறது. முன்பக்கம் ஆறு பித்தளைப் பட்டன். இடது மார்பில் பை, பையில் பேனா செருக ஒரு தையல். கீழே நாலு விரல் மடிப்பு, வளர்ந்தால் இறக்கிவிட. ஐம்பது வயதில் நான் எவ்வளவு வளரப் போகிறேன் என்று கேட்டேன். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் மடிப்பை எடுக்கவில்லை. அவள் கைக்கு வேறு எதுவும் வெட்டத் தெரியாது. அதைச் சொன்னால் என்னைக் கொன்றேவிடுவாள்.

போட்டுப் பார்த்தோம். கண்ணாடியில் காலை வணக்கக் கூட்டத்துக்குக் கிளம்பிய இரண்டு கிழட்டு மாணவிகள். அக்காவுக்கு முகமெல்லாம் பூரிப்பு.

மார்ச் 10, செவ்வாய்

வந்து சேர்ந்தோம். தம்பிக்கு முன்மண்டை வழுக்கையாகிவிட்டது. வீடு இரண்டு அறை. குளிர் எலும்பில் குத்துகிறது. தம்பி எங்களுக்காக இரண்டு நீளக் கோட்டு இரவல் வாங்கி வைத்திருந்தான், கழுத்திலிருந்து கணுக்கால்வரை மூடுகிறது. அக்கா அதன் உள்தையலைப் புரட்டிப் பார்த்து முகம் சுளித்தாள்.

விமானத்தில் சொல்லவில்லை. பக்கத்து இருக்கையில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறவளிடம் என்ன சொல்வது?

மார்ச் 12, வியாழன்

வாங்கிவிட்டேன்.

அக்கா தம்பியின் திரைச்சீலைகளை அவிழ்த்துத் திருத்தித் தைத்துக்கொண்டிருந்தாள். (வந்த இடத்திலும்.) நான் நடந்துவிட்டு வருகிறேன் என்று வெளியே வந்தேன். மூன்றாவது தெருவில், கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நின்றது. கருநீலம், நீளம், கை இல்லை. போட்டுப் பார்த்ததும் கழற்ற மனம் வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, அவள் கத்தரி படாத ஒன்று என் உடம்பில்.

பெட்டியின் அடியில் ஒளித்து வைத்திருக்கிறேன். திருடி மாதிரி. ஏன் ஒளித்து வைக்க வேண்டும்? என் உடம்பு, என் உடுப்பு. ஆனாலும் ஒளித்துத்தான் வைத்திருக்கிறேன்.

மார்ச் 14, சனி, காலை

குளியலறையிலேயே நீலத்தைப் போட்டு, மேலே கோட்டை மாட்டி, கழுத்துவரை பட்டன் போட்டாயிற்று. அக்கா மெரூனைப் போட்டுக்கொண்டு, கோட்டு வேண்டாம், இவ்வளவு தைத்தது மூடி வைக்கவா என்று ஒரு சால்வையோடு நிற்கிறாள். நான் உள்ளே மெரூன் போட்டிருக்கிறேன் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறாள். அங்கே போய்க் கழற்றும்போது பார்த்துக்கொள்ளட்டும். நாலு பேர் முன்னால் கத்த மாட்டாள்.

மார்ச் 14, சாயங்காலம்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பெரிய முன்கூடம். பளிங்குப் படிக்கட்டு. கோட்டு வாங்கி வைக்கும் இடத்தில் வரிசை வாசல்வரை நின்றது. வழி காட்டுகிறவர்கள், கோட்டு வாங்குகிறவர்கள், டிக்கெட் கிழிக்கிறவர்கள், அத்தனை பேரும் மெரூன். காலர் வைத்து, பித்தளைப் பட்டன் வைத்து. அக்கா அதைக் கவனித்தாளா தெரியவில்லை. அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று அவளைப் படிக்கட்டின் அடியில் நிறுத்திவிட்டுப் போனேன். அங்கே போய்க் கண்ணாடி முன்னால் ஐந்து நிமிடம் நின்று தைரியம் வரவழைத்தேன்.

திரும்பி வந்தபோது அவள் இரண்டு கையிலும் ஏழெட்டுக் கோட்டு. இன்னொருத்தி வந்து தன்னுடையதையும் மேலே போட்டு, ஏதோ சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள். அந்த பாஷையில் அக்காவுக்கு ஒரு சொல் தெரியாது. கொஞ்சம் பிடித்துக்கொள்ளச் சொல்கிறார்கள் என்று முதல் ஆளிடம் வாங்கியிருக்கிறாள். அதைப் பார்த்து அடுத்தவர், அதைப் பார்த்து அதற்கடுத்தவர். கோட்டுக் குவியலுக்கு மேலே அவள் முகம் மட்டும் தெரிந்தது. என்னைப் பார்த்ததும் அந்த முகத்தில் உயிர் வந்தது.

"வந்துட்டியா. இதுல பாதியப் பிடி" என்றாள்.

எனக்குப் பின்னால் நாலைந்து பேர். முத்துமாலை போட்ட ஒரு அம்மாள் தன் கோட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, நான் நகரக் காத்திருந்தாள். நானும் என் பட்டன்களைக் கழற்றினேன். கோட்டைக் கழற்றினேன். அதை மற்றவர்கள் போட்ட மாதிரியே அக்காவின் கைமேல் போட்டேன்.

ஏன் செய்தேன்? அந்த நிமிடத்தில் நன்றாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். இருபத்தாறு வருடத்துக்கும் சேர்த்து நன்றாக இருந்தது.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கழுத்திலிருந்து கீழ்விளிம்புவரை உடுப்பைப் பார்த்தாள், திரும்பி வந்த துணியைச் சோதிக்கிற மாதிரி. அப்புறம் எனக்குப் பின்னால் நின்ற அம்மாளிடம் கையை நீட்டி அவள் கோட்டை வாங்கிக்கொண்டாள்.

முதல் பாகம் முழுவதும் என் பக்கத்து இருக்கை காலி. மேடையில் ஒருத்தி யாருக்காகவோ செத்துக்கொண்டே பாடினாள். நல்ல குரல்தான். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை.

இடைவேளையில் எட்டிப் பார்த்தேன். கோட்டுகளையெல்லாம் படிக்கட்டின் கைப்பிடியில் வரிசையாகத் தொங்கவிட்டிருந்தாள், சின்ன அளவிலிருந்து பெரிய அளவுவரை. நிஜமான சீருடைக்காரர் ஒருவர் வந்து கையை ஆட்டி ஏதோ கேட்டார். அவள் தமிழிலேயே பதில் சொன்னாள், இடத்தைவிட்டு நகரவில்லை. நான் இறங்கிப் போயிருக்கலாம். போகவில்லை.

காட்சி முடிந்து கூட்டம் இறங்கியது. டோக்கன் இல்லை, சீட்டு இல்லை. வருகிறவர்களின் தோளை ஒரு பார்வை பார்த்தாள், கோட்டை எடுத்து நீட்டினாள். இருபத்துமூன்று கோட்டு. ஒன்றுகூட மாறவில்லை. என்னுடையதைக் கடைசியாகக் கொடுத்தாள். நான் அதுவரை நின்றேன்.

மேடைக் கதவு வழியாக வந்த தம்பி, எப்படி இருந்தது என்று பல்லெல்லாம் தெரியக் கேட்டான். முன்வாசல் வழியாக அவன் ஒரு நாளும் போனதில்லையாம். அங்கே என்ன நிறம் போடுகிறார்கள் என்று அவனுக்குத் தெரியாதாம்.

மார்ச் 15, ஞாயிறு

காலையில் சமையலறையில் அவளும் நானும்தான். நேற்றிலிருந்து பேச்சில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. முடியாதென்று கீழே போட்டுவிட்டு மேலே வர வேண்டியதுதானே என்று கேட்டேன்.

"நம்பிக் குடுத்துட்டுப் போனாங்க. தரையில போடச் சொல்றியா?"

சரி, எல்லாம் ஒன்றாகவே போகட்டும் என்று கண்ணாடிக்காரியைப் பற்றிச் சொன்னேன். ஏப்ரல் ஒன்றாம் தேதி போகிறேன், பத்திரத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். கத்துவாள் என்று காத்திருந்தேன். பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"உனக்கு வலது தோள் அரை அங்குலம் இறக்கம். மெஷின்ல குனிஞ்சு குனிஞ்சு வந்தது. உனக்குத் தெரியாது. நான் உனக்கு வெட்டுற எல்லாத்துலயும் அந்தப் பக்கம் அரை அங்குலம் ஏத்தித்தான் வெட்டுறேன். நேத்து அந்த நீலத்துல ஊருக்கே தெரிஞ்சுது." கை துடைத்த துணியை மடித்து வைத்தாள். "தோள் சரியா நிக்கிற உடுப்பு ஒண்ணைப் போட்டுக்கிட்டு என்னைத் தெரியாத மாதிரி நின்னிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்."

போகிறேன் என்றதற்கு என்ன சொல்கிறாய் என்று கேட்டேன்.

"போ" என்றாள்.

குளியலறைக் கண்ணாடியில் பார்த்தேன். இறங்கித்தான் இருக்கிறது. சட்டையோடு, சட்டையில்லாமல், எப்படிப் பார்த்தாலும்.

அதற்காக நான் அங்கேயே கிடந்து சாக வேண்டுமா? அரை அங்குலத்துக்காகவா?

மார்ச் 31, செவ்வாய்

அக்கா பத்திரத்தில் தனியாகக் கையெழுத்துப் போட்டாள். என் பெயர் இருந்த இடத்தில் அளவுகோல் வைத்து ஒரு கோடு. அவள் எதை அடித்தாலும் நேராகத்தான் அடிப்பாள்.

வாடகைக்கு நான் பார்த்திருக்கும் அறை மாடியில். ஒரு ஜன்னல். போதும்.

மே 6, புதன்

கண்ணாடிக்காரி நல்லவள்தான். பேசிக்கொண்டே இருக்கிறாள். இங்கே வெட்டுவதும் நான், தைப்பதும் நான். வெட்டும்போது கோடு விலகிப் போகிறது. இரண்டு உடுப்பு வீணாயிற்று. யாரிடமும் சொல்லவில்லை.

ஜூலை 22, புதன்

அடுத்த மாதம் கடையில் ஒரு விழா. வேலை செய்கிற ஒவ்வொருவரும் தனக்குத் தானே தைத்ததைப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும் என்று கண்ணாடிக்காரியின் உத்தரவு. நான்கு நாளாக டேப்பை முதுகில் போட்டுப் பார்க்கிறேன். தன் முதுகைத் தானே அளக்க யாராலும் முடியாது. கண்ணாடிக்காரியைக் கேட்டிருக்கலாம். அவள் என் தோளைப் பார்த்துவிடுவாள்.

அதனால் இன்று அக்காவின் கடைக்குப் போனேன். வாசலில் பள்ளிக்கூடத்துப் பெற்றோர்கள் வரிசை. நானும் சாம்பல் நிறத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு கடைசியில் நின்றேன். என் மெஷின் போட்ட இடத்திலேயே இருந்தது, மேலே உறை. வெட்டி வைத்த துணிக்கட்டு சுவரோரம் ஆளுயரத்துக்கு நின்றது. அக்கா இளைத்திருக்கிறாள்.

என் முறை வந்தது. அளவு எடுக்கணும் என்றேன். திரும்பி நில்லுங்க என்றாள், மற்றவர்களிடம் சொல்வது போலவே. டேப் கழுத்திலிருந்து இடுப்புக்கு இறங்கியது, குறுக்கே போனது. விரல்கள் சில்லென்று இருந்தன. எதையும் வாய்விட்டுச் சொல்லாமல் நோட்டில் எழுதிக்கொண்டாள். நீளமா, கை இல்லாம, என்றேன். பட்டன் வேண்டாம் என்று சேர்த்துச் சொன்னேன். தலையசைத்தாள்.

என்றைக்கு வரட்டும் என்று கேட்டேன். துணியை வாங்கி மேசைமேல் விரித்தாள். வரிசையில் நின்ற அத்தனை பேரையும் நிற்கவைத்துவிட்டு அங்கேயே வெட்டினாள். கால் மணி நேரம் ஆகியிருக்கும். அவள் அப்படி ஒன்றை வெட்டி நான் பார்த்ததே இல்லை. ஓரிடத்தில்கூடக் கத்தரி தயங்கவில்லை. துண்டுகளை அடுக்கிச் சுருட்டி, நாடாவால் கட்டி, கவுண்டரில் வைத்தாள்.

"வெட்டியாச்சு" என்றாள். "தைக்க இங்க ஆளில்ல."

எனக்குப் பின்னால் யாரோ, கொஞ்சம் நகருங்க என்றார்கள். பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். உள்ளே போய், உறையை எடுத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து தைத்திருக்கலாம். அவள் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.