கமலம், பீவி வீட்டு முற்றம் முடிஞ்சிடுச்சு

என் கண்ணே, என் ராஜாத்தி கமலம்,

இதை எந்த விலாசத்துக்கு அனுப்பறதுன்னு தெரியாமலே எழுத உக்காந்துட்டேன். நம்ம தோட்டச் சங்கத்துப் பொம்பளைங்க இந்தச் சனிக்கிழமைக் கூட்டத்துல உன்னைப் பத்தி ஏதாவது எழுதி வாசிக்கச் சொன்னாங்க. வாசிக்கறேன், அவங்களும் கேட்டுக்கட்டும். ஆனா நான் பேசறது உன்கிட்டதான்.

நீ என் கொழுந்தனைக் கட்டிக்கிட்டு இந்த வீட்டுக்கு வந்தவ. ஓரகத்திங்க ரெண்டு பேர் ஒரே சமையக்கட்டுல இருந்தா சண்டை வரணும்னு ஊர் எதிர்பார்க்கும். நாமளும் அதுக்குக் குறை வைக்கலையே! நீ மிஷன் ஸ்கூல்ல படிச்சவ. பென்சிலும் காகிதமுமா வீடு வீடாப் போய், "செடி வாங்கறது அப்புறம், முதல்ல இடத்தைப் படிங்க"ன்னு பாடம் எடுப்பே. நான் வாய்விட்டுச் சிரிப்பேன். "மண்ணுல இன்னாடி எழுதியிருக்கு படிக்கறதுக்கு?" நீ கோவிச்சுக்கவே மாட்டே. "சிரிச்சது போதும் வாங்கக்கா, கயிறு பிடிக்க ஆள் வேணும்"னு என் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போவே. அப்படித்தான் நான் சங்கத்துல சேர்ந்தேன்.

ஆடி மாசத்து விஷ ஜுரம் உன்னை வாரிக்கிட்டுப் போயிடுச்சு. உன் வீட்டுக்காரர் தோல் பதனிடற ஷாப்புக்குப் போறாரு, வர்றாரு, தட்டுல போட்டதைச் சாப்பிடறாரு, பேச்சுதான் இல்ல. எனக்கோ பேசாம இருக்க முடியல. அரிசி களையறப்போ கூட உன்னைத் திட்டிக்கிட்டே களையறேன். இப்படிப் பாதியில எழுந்து போறதுக்கு உனக்கு எப்படிடி மனசு வந்துச்சு?

நீ பாதியில விட்ட வேலை சைதா பீவி வீட்டு முற்றம். சங்கத்துக்குப் புதுசா வந்தவங்களுக்காகச் சொல்லிடறேன். ஆம்பூர்ல தோல் மண்டி வெச்சிருக்கற சாயபுவோட சம்சாரம் அவங்க. வீட்டுக்குப் பின்னால நீளவாக்குல ஒரு முற்றம், நாலு பக்கமும் உசந்த சுவரு. அந்த வீட்டுப் பொம்பளைங்க திரை கட்டின வண்டி இல்லாம வாசல் தாண்டறதில்ல. பீவிக்குக் கால் வீங்கிப் போய், வேலூர் டாக்டரம்மா தினமும் நடக்கணும்னு சொல்லிட்டாங்க. "எங்க நடக்கறது கமலம்? இந்தச் சுவரைத் தொட்டுட்டு அந்தச் சுவரைத் தொடறதுக்குள்ள பேஜாராப் பூடுது"ன்னு உன் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. நீ யோசிக்கவே இல்ல. "இந்த முற்றத்துக்குள்ளயே உங்களை ரொம்ப தூரம் நடக்க வைக்கறேன் பீவிம்மா"ன்னு வாக்குக் குடுத்துட்டே.

சாயபுவுக்கு அந்த இடத்துல தோல் அடுக்கக் கொட்டகை போடணும்னு ஆசை. நல்ல மனுசன்தான், ஆனா வியாபாரி. "ரம்ஜான் வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள தோட்டம்னு ஒண்ணு கண்ணுல பட்டா சரி, இல்லன்னா கொத்தனாரைக் கூட்டிட்டு வந்துடுவேன்"னு சொல்லிட்டாரு. கொட்டகை வந்தா பீவிக்கு மிஞ்சறது கிணத்தடி மட்டும்தான்.

நீ சுண்ணாம்புத் தூளால கோடு போட்டு எங்களுக்கு அங்கேயே பாடம் நடத்தினே. கதவுகிட்ட நின்னா முழு முற்றமும் ஒரே பார்வையில தெரியக் கூடாது. பாதை வளைஞ்சு பழைய மருதாணிப் புதருக்குப் பின்னால போய் மறையணும். போகப் போக அது ஒடுங்கணும். கிட்டக்க அகல இலைச் செடி, தூரத்துல பொடி இலைச் செடி வெச்சா கண்ணு ஏமாந்து, சின்ன இடத்தையே பெருசுன்னு நம்பிடும். நடுவுல வெறும் புல்லு. "இவ்ளோ இடத்தை சும்மாவா விடறது? ரெண்டு கத்திரியாவது வெக்கலாமே"ன்னு தபால்காரர் வீட்டுப் பங்கஜம் கேட்டா. "அந்த இடத்துல கை வெச்சா எல்லாம் போச்சு அக்கா"ன்னு நீ சொன்னே. அதுக்கு அடுத்த வாரமே படுத்துட்டே.

உன் கருமாதி முடிஞ்சு நாங்கல்லாம் பீவி வீட்டுல கூடினோம். எஸ்தர் டீச்சர் ஒரு ரோஜாச் செடியைக் கொண்டாந்திருந்தா. "கமலம் ஞாபகமா"ன்னு சொல்லி அழுதுக்கிட்டே நட்டா. அதைப் பார்த்து அடுத்த வாரம் பங்கஜம் செம்பருத்தி கொண்டாந்தா. அப்புறம் கொய்யா வந்துச்சு, அரளி வந்துச்சு, யாரோ முருங்கைக் கொம்பைக்கூட ஊணிட்டுப் போனாங்க. நான் மட்டும் சும்மா இருந்தேனா? நம்ம கொல்லையில நீ வெச்ச குண்டுமல்லியை வேரோட எடுத்துக்கிட்டுப் போய், நீ வெறுமையா விடச் சொன்ன இடத்துக்கு நட்டநடுவுல வெச்சேன். உனக்கு அதைவிட நல்ல இடம் குடுக்க எனக்குத் தோணல.

பீவி வேணாம்னு சொல்லுவாங்களா? செத்தவ பேரைச் சொல்லி வர்ற செடியாச்சே. கொஞ்ச நாள்ல பாதையே காணாமப் போச்சு. நடந்தா ரோஜா முள்ளு துணியைப் பிடிச்சு இழுக்குது. சாயபு எட்டிப் பார்த்துட்டு, "இன்னாம்மா இது, சந்தைக்குச் செடி இறக்கி வெச்ச மாதிரி?"ன்னு கேட்டுட்டு, ரம்ஜானுக்கு வந்துடச் சொல்லி கொத்தனாருக்கு ஆள் அனுப்பிட்டாரு. அன்னிக்கு பீவி என்னைத் தனியாக் கூப்பிட்டு மெதுவா சொன்னாங்க. "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இது கமலத்தோட சமாதி மாதிரி ஆயிடுச்சு. எனக்குக் கால் வெக்க இடமில்ல."

வீட்டுக்கு வந்து எனக்குச் சோறு இறங்கல. உனக்குன்னு வெச்ச செடியை எந்தக் கையால பிடுங்கறது? பாவம் இல்லையா? அப்படியே விட்டுட்டா, நீ வாக்குக் குடுத்த இடத்துல தோல் மூட்டை ஏறிடும். எதுடி பெரிய பாவம்? உன்கிட்டதான் கேட்டேன்.

விடிஞ்சதும் மண்வெட்டியோட போய் நின்னேன். எஸ்தர் குறுக்க வந்துட்டா. "கமலத்துக்காக வெச்ச செடிக்கா. உங்களுக்குக் கல்நெஞ்சா?"

"ஆமாண்டி, கல்நெஞ்சுதான். அவ இருந்திருந்தா இந்தக் கூத்தைப் பாத்துட்டு உன்னை மொத்தியிருப்பா"ன்னேன். முதல்ல உன் குண்டுமல்லியைத்தான் தோண்டி எடுத்தேன். உன்னை ரெண்டாந்தரம் தூக்கிக் குடுத்த மாதிரி இருந்துச்சு கமலம், உக்காந்து ஓன்னு அழுதுட்டேன். எஸ்தர் குறுக்கருந்து விலகினா. அப்புறம் அவ ரோஜாவை அவளே மண்ணோட தோண்டி எடுத்து, கோணியில சுத்தி வெச்சா. அதைப் பாத்து மத்தவங்களும் அவங்கவங்க செடியை அவங்கவங்களே எடுத்துக்கிட்டாங்க.

சுண்ணாம்புக் கோடெல்லாம் மழையில எப்பவோ கரைஞ்சு போச்சு. ஆனா நீ என்னை எங்கெங்க நிறுத்தி வெச்சுக் கயிறு பிடிச்சேன்னு எனக்குத் தெரியும். வெயில்ல நின்னவ நானாச்சே! ஒரு முனை என் கையில, மறுமுனை எஸ்தர் கையில. நீ சொன்ன மாதிரியே பாதையை வளைச்சு, கிட்டக்க அகல இலை, தூரத்துல பொடி இலை, நடுவுல வெறும் புல்லுன்னு வெச்சோம். பாதையில போட, ஷாப்புல தோலோட ஊறவெச்சுத் தூக்கிப் போடற ஆவாரம்பட்டைச் சக்கை வேணும்னு உன் வீட்டுக்காரர்கிட்ட கேட்டேன். ஒரு மாட்டுவண்டி நிறைய அவரே கூட வந்து இறக்கினாரு. "காலுக்கு மெத்துனு இருக்கும்னு சொல்லிட்டே இருப்பா, அண்ணி"ன்னாரு. நீ போனப்புறம் அவர் உன்னைப் பத்தி வாய் திறந்தது அன்னிக்குத்தான்.

ரம்ஜானும் வந்துச்சு. பாயசம் குடிக்கக் கூப்பிட்டாங்கன்னு நான் போயிருந்தேன். சாயபு கொத்தனாரை வெளிவாசல்ல நிறுத்திட்டு முற்றத்துக் கதவுகிட்ட வந்தாரு. புல்லு தெரியுது, பாதை தெரியுது, பீவியைக் காணோம். "எங்கம்மா இருக்கே?"ன்னு கூப்பிட்டாரு. இன்னொரு தரம் கூப்பிட்டாரு, குரல்ல லேசா பயம்.

மருதாணிக்குப் பின்னாலருந்து பீவி நடந்து வந்தாங்க. முகமெல்லாம் வேர்வை, கொஞ்சம் மூச்சு வாங்குது.

"எங்க போயிருந்தே?"

"வெளியே போயிருந்தேன்"னாங்க பீவி.

சாயபு அந்தப் பாதையையே பார்த்துக்கிட்டு நின்னாரு. அப்புறம் வாசல் பக்கம் திரும்பி, "மேஸ்திரி, நீ போப்பா. கொட்டகைக்கு வேற எடம் பாத்துக்கலாம்"னு குரல் குடுத்தாரு.

கேட்டுச்சா கமலம்? நீ குடுத்த வாக்கு நின்னுடுச்சுடி. எனக்குப் படம் போட வராது, உன்னை மாதிரி நயமாப் பேசவும் வராது. ஆனா சனிக்கிழமைப் பாடம் நிக்காது. கூப்பிடற வீட்டுக்கெல்லாம் நான் போவேன், அந்த வீட்டுப் பொம்பளை எங்க நடக்க ஆசைப்படறான்னு கேக்காம ஒரு செடியும் நட விடமாட்டேன். இது உன் மேல சத்தியம்.

இப்படிக்கு,
உன்னைத் திட்டாம ஒரு பொழுதும் போகாத
உன் மூத்த ஓரகத்தி, தனம்