எல்லாரும் பார்த்த பந்து

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. உடம்பைக் கேட்டால் நாங்கள் இருவரும் சுகம், மனதைக் கேட்காதே, அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். மூன்று ஞாயிறாக நீ போன் செய்யும்போதெல்லாம் கையில் தையல் இருக்கிறது என்று சொல்லி அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். அம்மாவுக்கு என்ன கோபம் என்று நீ கேட்டாயாம், தலைவலி என்று அவர் சொன்னாராம். தலைவலி இல்லை. போனில் ஆரம்பித்தால் நீ நடுவில் சமாதானம் சொல்வாய், நான் அழுதுவிடுவேன், சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். காகிதம் குறுக்கே பேசாது.

முதலில் வீட்டுச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை, ஆனால் ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் பழுது பார்க்கிற மனுஷன் நம் வீட்டு மாடிப்படியில் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுகிறார். என் தையல் கடைக்கு எதிரே மூன்றாவது மாடி எழுப்புகிறார்கள், அதனால் மத்தியானத்துக்கு மேல் என் மெஷின் மேல் வெளிச்சம் விழுவதில்லை, ஊசியில் நூல் கோக்கப் பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருக்கிறது. மற்றபடி குறையில்லை. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நம் ஊர் ஃபுட்பால் டீம் கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிட்டது உனக்குத் தெரியும். கடைசி மேட்சில் டிரா செய்திருந்தாலே போதும், தப்பித்திருப்போம். எண்பத்தாறாவது நிமிடம் வரை இரண்டு பக்கமும் கோல் இல்லை. நான் வழக்கம்போல் ஃபிளாஸ்கோடு கிழக்குப் பக்க பெஞ்சில், இடது பக்கம் உன் அப்பா, முன்வரிசையில் பெரிய கொடியைப் பிடித்துக்கொண்டு முடிவெட்டும் கடைக்காரர். எதிரணிக்கு ஒரு கார்னர் கிடைத்தது. அந்த நேரம் பார்த்து என் ஃபிளாஸ்க் மூடி கைதவறி பெஞ்சுக்கடியில் உருண்டது. குனிந்து எடுத்து நிமிர்வதற்குள் விசில் ஊதியாகிவிட்டது, எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள், ரெஃப்ரி பெனால்டி இடத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். பந்து நம் கேப்டன் பூட்டு இருக்கிறானே, அவன் கையில் பட்டதாம். அவன் மண்டி போட்டு, சட்டையில் இருக்கிற டீம் சின்னத்தைப் பிடித்து முத்தம் கொடுத்து, நெஞ்சில்தான் பட்டது என்று அடித்து அடித்துக் காட்டினான். எனக்கு அது போதும். அவனுக்குப் பூட்டு என்று பேர் வந்ததே அவனைத் தாண்டி ஒரு பந்து போகாது என்பதால்தான். அவன் பத்து வயதில் முதல் ஜெர்ஸி போட்டபோது முதுகில் நாலாம் நம்பர் தைத்தது நான். அன்றிலிருந்து வருடா வருடம் அவன் தோள் அளவு எத்தனை விரற்கடை கூடியது என்று அவன் அம்மாவைவிட எனக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பிள்ளை சின்னத்தை முத்தமிட்டுப் பொய் சொல்லுமா? தொண்டை கட்டும் வரை கத்தினேன். பெனால்டி உள்ளே போனது, நாம் கீழே போனோம்.

அன்று சாயங்காலம் நீ போன் செய்தாய். நான் அழுத அழுகையில் நீ என்ன சொன்னாய் என்பது உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ எனக்கு இருக்கிறது. அம்மா, நான் வீடியோவ மூணு தடவை திருப்பிப் போட்டுப் பாத்துட்டேன், கையில படவே இல்ல, அந்த ஆளு வேணும்னே ஊதியிருக்கான் என்றாய். எனக்கு அந்த மேட்சை மறுபடி பார்க்கத் தெம்பில்லை. என் மகள் பார்த்தால் நான் பார்த்த மாதிரிதான் என்று இருந்துவிட்டேன்.

அந்த ரெஃப்ரி வேறு யாருமில்லை, நம் போஸ்ட் ஆபீஸில் இரண்டாம் கவுன்ட்டரில் உட்காருவாரே, ஒல்லியாக, காதில் பென்சில் செருகிக்கொண்டு, அவர்தான். வாரம் முழுக்க முத்திரை குத்துவார், ஞாயிறானால் விசில் ஊதுவார். செவ்வாய்க்கிழமை நான் உனக்குப் பார்சல் அனுப்பப் போனேன். மழை, அப்பா குடை பிடித்துக்கொண்டு கூடவே வந்தார். வரிசையில் பத்துப் பன்னிரண்டு பேர். என் முறை வந்ததும் நான் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, இவருக்குப் பந்து போற இடமே தெரியல, இவர் கையில கொடுத்தா என் பார்சல் எந்த ஊருக்குப் போய்ச் சேரப் போவுதோ என்று சொன்னேன். ஒரே சிரிப்பு. முன்னால் இருந்தவர் பின்னால் இருந்தவருக்குத் திருப்பிச் சொன்னார். அப்பாவும் சிரித்தார். போஸ்ட் ஆபீஸ்காரர் தலை நிமிராமல், பதிவுத் தபாலாம்மா, சாதாரணமா என்று மட்டும் கேட்டார்.

அந்த ஒரு வாக்கியம் ஊர் சுற்றியது. அடுத்த வாரமே முதல் கவுன்ட்டரில் வரிசை கதவைத் தாண்டி நிற்கிறது, இரண்டாம் கவுன்ட்டரில் ஈ ஓட்டுகிறார். அவர் வீட்டு கேட்டில் யாரோ கரியால் இரண்டு கண் வரைந்து பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். அவர் மனைவி என்னிடம் மூன்று மீட்டர் நீலத் துணி தைக்கக் கொடுத்திருந்தாள். ஒருநாள் கடைக்கு வந்து, தைக்க வேண்டாம், அப்படியே குடுத்துடுங்க என்று வாங்கிக்கொண்டு போனாள். படி இறங்கும்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அப்போது உறுத்தவில்லை மகளே, ஒளிக்காமல் சொல்கிறேன். நியாயம் என் பக்கம் என்றுதான் இருந்தேன்.

ஐந்து வாரம் கழித்துப் பூட்டு வந்தான். பெரிய ஊர் டீம் ஒன்று அவனை எடுத்துக்கொண்டதாம், அங்கே போய் முதல்நாள் போட ஒரு கோட்டு வேண்டும் என்றான். எனக்கு ஒரு கண்ணில் சந்தோஷம், ஒரு கண்ணில் தண்ணீர். அளவெடுத்துத் துணியை அவன் மேல் போட்டுக் குண்டூசி குத்திக்கொண்டிருந்தேன், வாயில் ஆறேழு குண்டூசி. அவன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, பெரியம்மா, நீங்க போஸ்ட் ஆபீஸ்ல சொன்னது இருக்கே, டிரஸ்ஸிங் ரூம்ல நாங்க உருண்டு உருண்டு சிரிச்சோம், ஆனா பாவம் அந்தாளு கரெக்டாத்தான் ஊதினாரு, கையிலதான் பட்டுது, பட்ட சத்தம் எனக்கே கேட்டுச்சே என்றான். வாயில் குண்டூசி இருக்கிறவள் என்ன பேசுவாள்? ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தேன். அப்புறம் ஏண்டா சின்னத்தை முத்தம் கொடுத்தே என்று கேட்டேன். அதெல்லாம் எல்லாரும் பண்றதுதான் பெரியம்மா, சும்மா ஒரு முயற்சி, அவரு ஏமாந்தா நமக்கு லாபம்தானே என்றான். அவன் முகத்தில் வெட்கம் இருந்திருந்தால்கூட ஆறியிருப்பேன். இல்லை. அளவு முடிஞ்சுதா, கிளம்பட்டுமா என்றான்.

கடையை மெஷினோடு திறந்து போட்டுவிட்டு முடிவெட்டும் கடைக்கு ஓடினேன். இத்தனை பேர் ஏமாந்திருக்கிறோமே, முதலில் கொடிக்காரருக்குத் தெரியட்டும் என்று. அவர் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார், கத்தியை நிறுத்தாமல் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். அட, இதைச் சொல்லவா அண்ணி இப்படி ஓடி வந்தீங்க, அன்னிக்கே தெரிஞ்ச கதைதானே என்றார். நாற்காலியில் நுரையோடு இருந்தவர்கூட, கை இவ்ளோ நீளத்துக்கு வெளிய இருந்துச்சே என்று துணிக்கடியிலிருந்து தன் கையை நீட்டிக் காட்டினார். கொடிக்காரர் தன் போனை எடுத்து எனக்கு அந்த வீடியோவைப் போட்டுக் காட்டினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை மகளே. போலீஸ்காரர் வண்டியை நிறுத்துகிற மாதிரி கை நீட்டியிருக்கிறான், பந்து உள்ளங்கையில் பட்டு விழுகிறது. அப்போ எதுக்கு எல்லாரும் கத்தினீங்க என்று கேட்டேன். நம்ம டீமாச்சே அண்ணி என்றார். அவ்வளவுதான் அவர் பதில்.

வீட்டுக்கு வந்தேன். உன் அப்பா சமையலறையில் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார். நீங்களும் பாத்தீங்களா என்று கேட்டேன், எதை என்று அவர் கேட்கவில்லை பார், அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பாத்தேன் என்றார். ஏன் சொல்லவில்லை என்றேன். நீ அவ்ளோ நம்பிட்டு இருந்தே, உன் மனசை எதுக்கு உடைக்கணும், எல்லாரும் எழுந்து கத்தறாங்க, நான் மட்டும் உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும், ஊரோடு ஒத்துப் போக வேண்டாமா என்றார். முப்பத்தொரு வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம். கத்தினதைக்கூட விடு. போஸ்ட் ஆபீஸுக்கு எனக்குக் குடை பிடித்துக்கொண்டு வந்தாரே, அந்த மனுஷன் சரியாக ஊதினார் என்று தெரிந்தே நான் பேசியதற்குச் சிரித்தாரே, அதுதான் என்னால் விழுங்க முடியவில்லை. கேப்பையில் நெய் வடிகிறது என்று ஊரே பேசியிருக்கிறது, அதை நம்பின ஒரே மதிகெட்டவள் நான். அவர்களுக்கெல்லாம் அது விளையாட்டு. நான் ஒருத்திதான் நிஜமாகக் கோபப்பட்டேன், அதனால் நிஜமாக அடித்ததும் நான்தான்.

மறுநாள் காலையில் போஸ்ட் ஆபீஸ் போனேன். அப்பா, நானும் வரட்டுமா என்றார், வேண்டாம் என்றேன். முதல் கவுன்ட்டரில் வரிசை, இரண்டாவது காலி. ஆனால் அன்று எத்தனை பேர் முன்னால் பேசினேனோ அத்தனை பேர் முன்னால்தானே பேச வேண்டும், அதனால் அந்த வரிசைக்கும் கேட்கும்படி சத்தமாகவே சொன்னேன். பந்து கையிலதான் பட்டுது, பூட்டே என்கிட்ட ஒத்துக்கிட்டான், நான் பார்க்காமலே பேசினேன், என்னை மன்னிச்சுடுங்க என்றேன். வரிசையில் நின்ற எல்லாரும் கையில் இருக்கிற கவரைப் படிக்க ஆரம்பித்தார்கள். அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்துக் கீழே வைத்தார். முதல்ல நல்லாத்தாம்மா தெரிஞ்சுது, ஆனா அத்தனை பேர் கத்தினா நம்ம கண்ணு மேலயே நமக்குச் சந்தேகம் வந்துடுது, பத்துப் பதினஞ்சு நாள் நான் சரியாவே தூங்கல என்றார். ஒருத்தர்கூடப் பார்க்கலையே, அப்போ தப்பு நம்மமேலதான்னு முடிவு பண்ணி விசிலை ரெஃப்ரி சங்கத்துல திருப்பிக் குடுத்துட்டேன் என்றார். போய்த் திருப்பி வாங்கிக்கோங்க என்றேன். நான் சரியாத்தான் பாத்திருக்கேன்னு தெரிஞ்சுதே, அது போதும்மா, ஆனா இனிமே ஊத மாட்டேன், வீட்டுலயும் வேண்டாங்கறாங்க என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். சாதாரணமாகச் சொன்னார்.

அதற்கப்புறம் ஊரில் என் பேர் கெட்டுவிட்டது. போஸ்ட் ஆபீஸ்காரர் பேர் சரியானதா என்றால் அதுவும் இல்லை. வீட்டு விஷயத்தை வீதியில போட்டுட்டீங்களே அண்ணி என்று கொடிக்காரர் வருத்தப்பட்டார். இந்த வருடம் ஜெர்ஸிக்கு நம்பர் தைக்கிற வேலையை வேறு கடைக்குக் கொடுத்துவிட்டார்கள். போகட்டும். பூட்டின் கோட்டை மட்டும் நான் ஒரு தையல் குறையாமல் முடித்துக் கொடுத்தேன், கோபத்தைத் தொழிலில் காட்டினால் அது எனக்குத்தான் அசிங்கம். வாங்க வந்தபோது வாசலிலேயே கொடுத்து அனுப்பினேன், உள்ளே வா என்று சொல்லவில்லை. பெரியம்மா, ஒரு பந்துக்கா இவ்ளோ என்றான். ஆமாம், ஒரு பந்துக்குத்தான் என்றேன்.

அப்பாவோடு பேசுகிறேன், கவலைப்படாதே. சாப்பிட வாங்க, மாத்திரை போட்டீங்களா, அந்த அளவுக்கு. அவர் இரண்டு நாளாக என் பின்னாலேயே சுற்றுகிறார், கேட்காமலே நூல்கண்டு வாங்கி வருகிறார். ஒருநாள் கரையும், கரையாமலா போகும், ஆனால் அது கரைகிறபோது கரையட்டும், நீ நடுவில் வந்து கரைக்காதே.

இப்போது உன்னிடம் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். மூன்று தடவை திருப்பிப் போட்டுப் பார்த்தேன் என்றாய். நான் கொடிக்காரர் போனில் ஒரே தடவை பார்த்தேன், அதுவும் கண்ணாடி போடாமல், எனக்கே தெரிந்தது. உனக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? இல்லை, நீ பார்க்கவே இல்லையா? அம்மா அழுகிறாளே, ஏதாவது சொல்லி நிறுத்துவோம் என்று சொன்னாயா? அடிக்கத்தான் கேட்கிறேன் என்று நினைக்காதே. அப்பா பொய் சொன்னால் என் கண்ணெதிரே இருக்கிறார், முகத்தைப் பார்த்துப் பிடித்துவிடுவேன். நீ அத்தனை தூரத்தில் இருக்கிறாய். அங்கே நீ நன்றாக இருக்கிறாய், வேலை பிடித்திருக்கிறது, வயிறாரச் சாப்பிடுகிறாய், அறையில் குளிரில்லை என்று நீ சொல்வது ஒவ்வொன்றையும் நான் உன் வார்த்தையை வைத்துத்தான் நம்புகிறேன், அதற்கு வேறு சாட்சி கிடையாது. இந்த மூன்று வாரமாக அதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதுதான் எனக்குத் தலைவலி. எனக்கு இதமாக இருக்கும் என்று எதையும் எழுதாதே, எது நடந்ததோ அதை எழுது. நீ அங்கே அழுதுகொண்டிருந்தால், அழுகிறேன் என்று எழுது. அம்மா தாங்குவாள், தாங்கியிருக்கிறாள்.

குளிர்காலக் கோட்டுக்குத் துணி வெட்டப் போகிறேன், தோளிலிருந்து மணிக்கட்டு வரை அளந்து அனுப்பு, பழைய அளவு இருக்கும் என்று விட்டுவிடாதே. நேரத்தோடு படு. எந்த ஊரில் இருந்தாலும் நல்லவர்கள் பக்கத்தில் நல்லபடியாக, நீண்ட ஆயுளோடு இரு. என் கோபமும் உனக்குத்தான், என் ஆசீர்வாதமும் உனக்குத்தான். பதிலை போனில் சொல்லாதே, கடிதமாகப் போடு.

இப்படிக்கு,
உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா