சிப் சாகவில்லை, அப்பா

அன்புள்ள அப்பாவுக்கு, இதை யாரிடமும் காட்டாதீர்கள். அம்மா பார்த்தால் என்னை அழைத்துப்போக வந்துவிடுவார். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். விடுதியில் விளக்கணைத்த பிறகு போர்வைக்குள் டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

குறைந்த மின்சாரத்தில் ஓடும்படி எங்கள் வகுப்பு வடிவமைத்த கணினிச் சிப்பை, இன்னும் சிக்கனமாக ஓட்டிக் காட்டும் ஆசையில், கேட்காமல் வோல்டேஜைக் குறைத்தேன். சிப்புக்குப் பேச்சுமூச்சில்லை. செத்துவிட்டது என்று பயந்து அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தேன். இருப்பதே ஒன்றுதான். பள்ளியைவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்று இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

இன்று லேப் அக்காவிடம் அழுதுகொண்டே சொன்னேன். அவர் வோல்டேஜைக் கொஞ்சம் ஏற்றினார். உடனே சிப் கணக்குப் போட்டது!

"பட்டினி போட்டா யாருடி வேலை செய்வா? எந்த அளவுல மயங்குச்சுன்னு எழுதி வை. அதத்தான் நாங்க தேடிட்டிருந்தோம்" என்றார்.

இனி பயமில்லை. உங்கள் பழைய ஸ்வெட்டரை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம். ஐயோ, வார்டன் கதவைத் தட்டு