மிஞ்சாத பிரதிகள்

ஐப்பசி 14, வெள்ளி.

தம்பி, தான் வரைந்து வெளியிடும் காமிக்ஸ் அச்சுப் புத்தகமாகக் கூடுதல் விற்கிறதா, போனில் படிக்கும் பதிப்பாகவா என்று மதிப்பிட்டுத் தரச் சொல்லியிருந்தான். அச்சு விற்பனை குறைவென்றால் அச்சிடுவதை நிறுத்திவிடுவானாம். கடைகளில் ஒரு பிரதிகூட மிஞ்சுவதில்லை. அதை நம்ப முடியாமல் இன்று குலசேகரம் கடையில் விசாரித்தேன்.

"ஒங்க தம்பி வீட்டுக்காரியில்லா டீச்சர், மாசக் கடைசியில மிச்சத்த வாங்கிட்டுப் போறாங்க. நாகர்கோவில்லயும் அப்படித்தானாம்," என்றார் கடைக்காரர்.

சாப்பிடும்போது தம்பி கேட்டான். "எக்கா, எது கூடுதல்?"

பரிமாறிக்கொண்டிருந்த அவன் மனைவி கலா கரண்டியோடு நின்று என்னைப் பார்த்தாள்.

"அச்சுதான் மக்கா," என்றேன். இருபது வருடமாகப் புள்ளியியல் சொல்லிக்கொடுப்பவள் நான்.

தம்பி எச்சில் கையோடு அச்சகத்துக்குப் போன் செய்து, அடுத்த இதழுக்கு இருநூறு பிரதி கூட்டிப் போடச் சொன்னான். கலா சாப்பிடாமலே படுத்துவிட்டாள்.