தேதி முடிந்த இங்கிலீஷ்

அன்புள்ள அர்னுல்போவுக்கு,

உங்கள் முதுகுவலி தேவலையா? நான் சுகம். வின்னிபெக்கில் பனி மட்டும் குறையவில்லை.

என் கனடா நிரந்தரக் குடியிருப்பு விண்ணப்பத்துக்குத் ‘தகுதி இல்லை’ என்று பதில் வந்தது. பதறாதீர்கள். கூட வேலை பார்க்கும் மெர்லின் அக்காவும் நானும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். ஆங்கிலத் தேர்வுச் சான்றுதான் காலாவதியாம்.

“டப்பா மத்தி மாதிரி உன் இங்கிலீஷுக்கும் தேதி முடிஞ்சுபோச்சுடி!” என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று காலைதான் எங்கள் முதியோர் இல்லத்தில் ஒரு கிழவர் என்னுடைய அந்த இங்கிலீஷைக் கேட்டபடியே கடைசியாகக் கண்ணை மூடினார்.

மறுபடி தேர்வெழுத வேண்டும். அதுவரை வேலை அனுமதி தாங்கினால் சரி.

பஸ் வந்துவிட்டது. நம் மகள் லிகாயாவின் புதுப் படம் அனுப்புங்கள். என்னிடம் இருப்பதில் அவளுக்கு இன்னும் பால்பல்கூட விழவில்லை.

ரோசெண்டா