இடது கால், அறுபது

மார்ச் 4, செவ்வாய்

காலையில் எங்கள் மகள் குண்டூசி பல் தேய்க்க ஸ்டூலில் ஏறினாள். 'டக்.' இடது கணுக்கால். நேற்றும் இதே இடம், இதே சத்தம். குளியலறை வாசலில் நின்ற இவரிடம், "கேட்டுச்சா?" என்றேன். "என்னது?" என்றார். கை நீட்டினால் தொடும் தூரம். காதில் பஞ்சா வைத்திருக்கிறார்?

அவளுக்கு ஒரு வயது பத்து மாதம். பிறக்கும்போதே இடது பாதம் உள்பக்கம் மடங்கி இருந்தது. ஏழு வாரம் ஏழு மாவுக்கட்டு, குதிகால் தசைநாரில் ஒரு சின்ன வெட்டு, அதன்பின் கம்பி ஷூ. இரண்டு ஷூவையும் ஒரே கம்பியில் பூட்டி, பாதங்கள் வெளிப்பக்கம் பார்த்தபடி வைத்திருக்கும். முதலில் நாள் முழுக்கப் போட்டோம், இப்போது தூங்கும் நேரத்துக்கு மட்டும். இவ்வளவு பாடுபட்டு நேராக்கிய காலில் சத்தம் வருகிறது. இவருக்குக் கேட்கவில்லையாம்.

எனக்குக் கேட்கும். பதினோரு வருடமாகத் தையல் ஆலையில் மெஷின் பழுது பார்க்கிறேன். நாற்பத்திரண்டு மெஷின் ஒன்றாக ஓடும்போது எது இருமுகிறது என்று வாசலில் நின்றே சொல்லிவிடுவேன்.

மார்ச் 7, வெள்ளி

எலும்பு டாக்டர். இரண்டரை மணி நேரம் காத்திருந்து, நான்கு நிமிடம் பார்த்தோம். பாதத்தை மேலே மடக்கினார், கீழே மடக்கினார், சுழற்றினார். சத்தம் வரவில்லை. ஒரு வாரமாக என் உயிரை வாங்கியது, அவர் கை பட்டதும் வாயைப் பொத்திக்கொண்டது.

"குழந்தைங்க மூட்டுல அப்பப்ப சத்தம் வரும்மா. வலிக்குதுன்னு அழறாளா? வீக்கம் இருக்கா? நொண்டறாளா? இல்லேல்ல? அப்ப ஒண்ணும் இல்ல, விடுங்க."

ஒன்றும் இல்லை என்றால் அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது? அதைச் சொல்லத்தானே அங்கே உட்கார்ந்திருக்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கை அடுத்தவருடைய ஃபைலுக்குப் போய்விட்டது. இவர் வேறு "ரொம்ப நன்றி டாக்டர்" என்று குழைகிறார்.

வழியெல்லாம் பொருமிக்கொண்டே வந்தேன். பாதி வழியில் ஒன்று நினைவுக்கு வந்து இன்னும் எரிச்சலானது. தைக்கிற பெண்கள் மெஷினில் சத்தம் என்று கூப்பிடுவார்கள். நான் போய் நின்றால் சத்தம் நின்றுவிடும். "ஒண்ணும் இல்ல, ஓட்டு" என்று நானும் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 9

இன்று பதினொரு முறை.

மார்ச் 12, புதன்

சண்டை. இவர் பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர், நாலரைக்கு வீடு வந்துவிடுவார். நான் வர ஏழாகும். அதனால் குண்டூசிக்கு ஷூ மாட்டுவது எப்போதும் அவர்தான். கம்பி மாட்டும்போது ஏதாவது பிடிக்கிறதா, உரசுகிறதா என்று கேட்டேன். கேட்டது தப்பா?

"நீ காதத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்க. அதான் கேக்குது."

டம்ளரை மேசைமேல் கொஞ்சம் பலமாக வைத்தேன். அந்தச் சத்தம் மட்டும் அவருக்கு நன்றாகக் கேட்டது.

மார்ச் 14, வெள்ளி

விடுப்பு போட்டேன். மதியம் குண்டூசியும் நானும் மட்டும்.

நீளமான ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியைக் காதில் வைத்து, முனையை மெஷின் உடம்பில் வைத்தால் உள்ளே எது தேய்கிறது என்று தெரியும். முனையில் துணி சுற்றி அவள் கணுக்காலில் வைத்தேன். கூச்சத்தில் சிரித்துக் காலை உதறினாள். டக். காதுக்குள்ளேயே விழுந்தது. யாரும் இனி எனக்குக் கதை சொல்ல வேண்டாம்.

பிறகு கம்பி ஷூவைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் அளவுக்கோடு இருக்கிறது. வலது கால் முப்பத்தைந்து டிகிரி, இடது கால் அறுபது. அறுபது! ஒரு பக்கத்தை மட்டும் இப்படி முறுக்கிப் பூட்டினால் எந்த மூட்டுதான் முனகாது? என் மெஷினில் எவனாவது இப்படிப் பூட்டியிருந்தால் கையை ஒடித்திருப்பேன்.

பையிலிருந்து ஸ்க்ரூ திருப்பும் ஆலன் கீயை எடுத்தேன். இடதையும் முப்பத்தைந்துக்குக் கொண்டுவந்தேன். இரண்டு நிமிட வேலை. இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் டாக்டருக்கு போன் போடுவார்.

மார்ச் 19, புதன்

நான்கு நாளாகச் சத்தம் குறைவு. இன்று இரண்டே முறை. ஷூ மாட்டும்போது அவள் முகம் சுளிப்பதுகூட இல்லையாம். தான் புதிதாகக் கட்டிய பாட்டுத்தான் காரணம் என்று இவருக்குப் பெருமை. இருக்கட்டும், பாவம்.

ஆலையில் ஒரு கூத்து. ஏழாம் மெஷினில் வரிசையாக நூல் அறுந்தது. அங்கே உட்காரும் பெண்ணை சூப்பர்வைசர் எல்லோர் எதிரிலும் வாங்கு வாங்கு என்று வாங்கிவிட்டார். கடைசியில் பார்த்தால், வேறு ஷிஃப்ட் மெக்கானிக் நூல் இறுக்கத்தை மாற்றிவிட்டு சீட்டில் எழுதாமல் போயிருக்கிறான். ஒவ்வொரு மெஷினிலும் ஒரு சீட்டு தொங்கும். எதை மாற்றினாலும் தேதி, பழைய அளவு, புதிய அளவு, கையெழுத்து. அந்த வழக்கத்தைக் கொண்டுவந்ததே நான்தான். அவனைக் கூப்பிட்டு, "நீ தொட்டதுக்கு அந்தப் பொண்ணு திட்டு வாங்குது, வெக்கமா இல்ல?" என்று கேட்டேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

குளித்துவிட்டு ஈரக்காலோடு கூடத்தில் ஓடினாள். தரையில் சுவடு. இவர் குனிந்து பார்த்தார். வலது சுவடு நேராக இருந்தது. இடது சுவட்டின் முன்பக்கம் உள்ளே வளைந்திருந்தது. "இது முன்னாடி இப்படி இருந்துச்சா?" என்றார்.

ஓடும்போது எல்லாக் குழந்தைக்கும் அப்படித்தான் விழும் என்று எரிந்து விழுந்தேன். துணி எடுத்து நானே துடைத்தேன்.

ஏப்ரல் 17, வியாழன்

எழுதவே கை வரவில்லை.

மருத்துவமனையில் ஷூ அளவெடுக்கும் அம்மா பாதத்தைப் பிடித்துப் பார்த்ததுமே முகம் மாறியது. கால் உள்ளே திரும்ப ஆரம்பித்திருக்கிறது, குதிகாலும் இறுகியிருக்கிறது. ஷூவைக் கொண்டுவந்தீர்களா என்று கேட்டார். தூங்கும்போது போடுவதுதானே என்று வீட்டிலேயே விட்டுவிட்டோம். யார் மாட்டுவது என்று கேட்டார். இவர், "நான்தாங்க. தினமும் பன்னெண்டு மணி நேரம்" என்றார்.

"எல்லா அப்பாவும் பன்னெண்டுன்னுதான் சொல்றாங்க. புள்ள அழுதா கழட்டிப் போட்டுட்டு, இங்க வந்து பொய் சொல்றது. காலு பொய் சொல்லாதுங்க."

நாலு குடும்பம் உட்கார்ந்திருந்த இடம். இவர் குண்டூசியின் சாக்ஸைக் கையில் சுருட்டிக்கொண்டே நின்றார்.

எனக்கு அந்த அம்மாமேல் அப்படி ஒரு ஆத்திரம். எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத இவர்மேலும். ஏன் சும்மா நிக்கிறீங்க, சொல்லுங்களேன், ஒரு நாள்கூட விட்டதில்லன்னு சொல்லுங்களேன் — மனசுக்குள்ள கத்திக்கிட்டே இருந்தேன். வாய் மட்டும் திறக்கல. யார் வாய்? என் வாய்தான்.

டாக்டர் பார்த்துவிட்டு, மறுபடி மாவுக்கட்டு என்றார். குறைந்தது மூன்று. அடுத்த வெள்ளி முதல் கட்டு. அதற்கும் குதிகால் இறங்கி வராவிட்டால் பெரிய அறுவை சிகிச்சை பற்றி யோசிக்க வேண்டியிருக்குமாம்.

வீட்டுக்கு வந்ததும், இவர் பால் வாங்கப் போன நேரத்தில், ஷூவை எடுத்து மறுபடி அறுபதுக்குத் திருப்பி வைத்தேன்.

ஏப்ரல் 18

குழந்தையின் காலைச் சரிசெய்யத் திருப்பவில்லை. அடுத்த தடவை ஷூவைக் கொண்டுபோனால் யாருக்கும் தெரியக்கூடாது என்று திருப்பினேன். இதை இங்கேயாவது எழுத வேண்டும்.

ஏப்ரல் 21, திங்கள்

மாலை இவர் ஷூவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிப்ரவரியில் குண்டூசிக்குக் காய்ச்சல் வந்தபோது இரண்டு மணி நேரம் முன்னாலேயே கழற்றிவிட்டாராம். "அதனாலதான் ஆயிருக்குமா?" என்று என்னைக் கேட்கிறார். என்னைப் போய்.

சீ. ஏழாம் மெஷின்காரனை நிற்க வைத்துக் கேட்டேனே, வெட்கமா இல்லையா என்று. அவன் ஒரு நூலை அறுத்தான். நான் என்ன செய்தேன்? பெத்தவதானா நான்? தெரிஞ்ச வேலைங்கற திமிர். டாக்டர் சொன்னது பிடிக்கலைன்னா இன்னொரு டாக்டர்கிட்ட போயிருக்கலாம். கேட்டிருக்கலாம். ஸ்க்ரூவைத் திருப்பிட்டு வந்தேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஆலையிலிருந்து ஒரு வெற்றுச் சீட்டு கொண்டுவந்தேன். எழுதினேன்: மார்ச் 14, இடது கால் 60-லிருந்து 35. ஏப்ரல் 17, 35-லிருந்து 60. கையெழுத்து. கம்பியின் நடுவில் நூலால் கட்டி, அவர் எடுக்கும் இடத்தில் வைத்தேன்.

படித்தார். எது என்ன அளவு என்று அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. குண்டூசிக்கு ஷூ மாட்டினார். அந்தப் பாட்டைப் பாடவில்லை. அவள், "பாத்து, பாத்து" என்று மழலையில் பாட்டைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஏப்ரல் 24

மூன்றாம் நாள். என்னோடு பேச்சில்லை. என் வேலைப் பையில் ஆலன் கீயைக் காணோம்.

ஏப்ரல் 25, வெள்ளி

அந்த அளவெடுக்கும் அம்மாவிடம், நாலு பேர் இருக்கும்போதே சொன்னேன்: "இவர் ஒரு நாளும் தவறவிடலங்க. அளவ மாத்தினது நான்." சீட்டையும் காட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு இவரிடம், "தப்பா பேசிட்டேங்க" என்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

டாக்டரிடமும் சொன்னேன். அவருக்குக் கோபம். எனக்கும்தான். "ஒண்ணும் இல்லன்னு சொன்னீங்க டாக்டர். என்னன்னு சொல்லல" என்றேன். என் தப்பு என் தப்புத்தான், ஆனால் அதையும் சொல்லாமல் வர முடியவில்லை. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார். குழந்தையின் மூட்டு இளக்கமாக இருக்கும், தசைநார் எலும்பின்மேல் ஏறி இறங்கும்போது வரும் சத்தம் அது, வலியோ வீக்கமோ சேர்ந்து வந்தால்தான் கவலை. முறுக்கைத் தளர்த்தியதால் சத்தம் குறைந்தது என்பதில்லையாம், அது தானாகவே கூடும் குறையும்.

"இந்தக் கால் திரும்பி வளையறப்ப சத்தமே வராதும்மா. அது வளையாம இருக்கத்தான் அந்த அறுபது."

வெளியே வரும்போது, நான்கு நாளில் முதல் தடவையாக இவர் பேசினார். பேசியது இதுதான்: "சத்தம் எனக்கும் மொதல்லேருந்தே கேட்டுச்சு. பயந்துட்டு இல்லன்னேன்."

பேருந்து நிறுத்தம் வரை நான் அவரை விட்டு முன்னால் நடந்தேன். கேட்டதை கேட்டுச்சுன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா நான் தனியா ஸ்க்ரூடிரைவரைத் தூக்கிக்கிட்டு உட்கார்ந்திருப்பேனா? உட்கார்ந்திருப்பேனோ என்னவோ.

மே 9

மூன்றாவது கட்டு. அறுவை சிகிச்சை வேண்டியதில்லை என்றார்கள். கட்டோடு நாற்காலியை இழுத்துக்கொண்டு நடக்கிறாள். வீடு முழுக்க டொக் டொக்.

ஜூன் 11, புதன்

கட்டு பிரித்து மூன்று வாரம் ஆகிறது. ஈரச் சுவடு நேராக விழுகிறது. இன்று சத்தம் நான்கு முறை. நான்காவது தடவை இவரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

நான் வரும்போது ஷூ மாட்டி முடித்திருந்தது. மாட்டும் ஒவ்வொரு இரவும் ஒரு வரி எழுதி, கம்பியில் இப்போது நான்காவது சீட்டு. இடது கால் 60, அவர் கையெழுத்து. குனிந்து அளவுக்கோட்டைப் பார்த்துவிட்டு கீழே என்னுடையதையும் போட்டேன்.

துணி மடித்து வைக்கும்போது அலமாரியின் மேல் தட்டில், அவர் சட்டைகளுக்கு அடியில் ஆலன் கீ கையில் தட்டுப்பட்டது. சட்டையை அதன்மேலேயே வைத்துவிட்டு வந்தேன்.