சிவப்பு மழைக்கு என் நாக்கு சாட்சி

வியாழன். செண்பகனூர்.
விடியலில் மழை. முற்றத்தில் அக்கா வைத்த பாத்திரமெல்லாம் செக்கச்சிவந்த தண்ணீர். தெருவே வாய் பிளந்து நின்றது. நான் சும்மா இருப்பேனா? விரலைத் தோய்த்து நக்கினேன். “உப்புக் கரிக்குது. ரத்தமேதான்! மேகத்துக்கு ரெண்டு படியாவது போயிருக்கும்.” பத்து மணிக்கு ரொட்டிக் கடையில் அது இருபது குடம். என்னே என் புகழ்!

வெள்ளி. தூறல்.
புகழ் கசக்கிறது. அக்கா மகள் ஸ்டெல்லா கல்யாணத்துக்குக் மாதா கோயிலில் இரண்டு ஞாயிறு அறிவிப்பு ஓலை வாசித்தாயிற்று. மூன்றாவது, கடைசி ஓலை நாளை மறுநாள். அக்கா: “ரத்தம் பேஞ்ச பொறவு என்ன கல்யாணம்? பூசைக்கு முன்னாடியே சாமியார்ட்ட சொல்லி நிறுத்திருவேன்.”
ஸ்டெல்லா அழவில்லை. தான் பாடம் நடத்தும் பள்ளியிலிருந்து மைக்ராஸ்கோப் கொண்டுவரக் கிளம்பிவிட்டாள்.
எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. டீ ஏழு. ஏரி வரை நடை, இரண்டு தடவை.

சனி. மூடுபனி.
ஸ்டெல்லாவின் தீர்ப்பு:
பாலைவனத் தூசி? அடியில் மண் படியவில்லை. இல்லை.
தகரக் கூரைத் துரு? வெட்டவெளிச் சட்டியிலும் சிவப்பு. இல்லை.
லென்ஸில் உருண்டை உருண்டையாய், தடித்த தோலோடு. “மரப்பட்டையில செவப்பாப் படருதுல்ல, அந்தப் பாசியோட வித்தும்மா. காத்துல ஏறி மழையோட எறங்கிருக்கு.”
அக்கா குனிந்துகூடப் பார்க்கவில்லை. “கண்ணாடி கெடக்கு. ஒந் தாய்மாமன் நாக்குல வச்சே பாத்துட்டான்ல?”
அறிவியல் தோற்றது, என் நாக்கு வென்றது. ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். லென்ஸைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். திட்டியிருக்கலாம்.

ஞாயிறு. வெயில்.
வெள்ளனே அக்கா செருப்பு மாட்டிவிட்டாள். வாசலை மறித்தேன். கையில் டம்ளர் நிறைய மிச்சச் சிவப்பு.
“அக்கா, அன்னைக்கு நான் ருசியே பாக்கல. தோச்சது ஆள்காட்டி வெரலு, நக்குனது நடுவெரலு.”
ஒரே மடக்கு. உப்பில்லை. நனைந்த மரப்பட்டை ருசி.
அக்கா காலி டம்ளரைப் பிடுங்கி முகர்ந்து பார்த்தாள். பிறகு: “அம்பத்திமூணு வயசு எருமை. நட, பூசைக்கு நேரமாச்சு.”
கோயில். மூன்றாவது ஓலை. “இத்திருமணத்துக்குத் தடை அறிந்தவர் தெரிவிக்கவும்” என்றார் சாமியார். எங்கள் பெஞ்சு முழுக்கத் திரும்பி என் வாயையே பார்த்தது.